பேரிடருக்குப் பின் நாளைய மனநிலையைக் கணித்தல்

பேரிடர் ஒன்று கடந்து சென்றபின், பாதிக்கப்பட்ட மக்களிடம் அரசு அலுவலர்கள் கேட்கும் முதற் கேள்வி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதாகும். கேள்வி எளியது, நல்லெண்ணத்துடன் கேட்கப்படுவது. ஆயினும் அதற்கு விடையளிப்பவர், தம்மை அறியாமலேயே ஒரு முன்கணிப்பைச் செய்கிறார். "இனி எனக்குக் கடல் வேண்டாம், வள்ளத்தை விற்றுவிடுகிறேன்" என்று ஒரு மீனவர் சொன்னால், பல ஆண்டுகள் கழித்துக் கடலைக் காணும்போதும் இன்றைய அச்சமே தமக்கு இருக்கும் என்று அவர் கணிக்கிறார் என்பது பொருள். "பிள்ளையைப் படிக்க வைத்து என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு தாய் கேட்டால், வருங்காலத்தில் எதுவும் தமக்கு மகிழ்ச்சி தராது என்று அவர் கணிக்கிறார்.

மறுவாழ்வுத் திட்டங்கள் பலவும் இத்தகைய கணிப்புகளின் மீதே எழுப்பப்படுகின்றன. ரொக்கமா, வீடா, கடலோரமா, உள்நாடா, பழைய தொழிலா, புதிய தொழிலா என்று மக்கள் தெரிவு செய்வதெல்லாம், தமது நாளைய மனநிலை இவ்வாறிருக்கும் என்ற எண்ணத்தின் அடிப்படையில்தான். அவ்வெண்ணம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது? பேரதிர்ச்சி அதனை எவ்வாறு மாற்றுகிறது? மனநல அறிவியல் அண்மைக் காலத்தில் ஆராய்ந்து வரும் இவ்வினாக்கள், நிர்வாகத்தில் இருப்போருக்கும் பொருளாதார மாணவர்களுக்கும் மிகவும் பயன்படக்கூடியவை ஆகும்.

ஒக்கி புயலும் தென்கரையும்

2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாயிற்று. மறுநாளே அது குமரிக் கடற்பகுதியில் ஒக்கி என்னும் புயலாக வலுப்பெற்றது. அதற்கு முன்னரே கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் முதலிய கடலோர ஊர்களும், அவற்றையடுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் முதலிய ஊர்களும் பேரிழப்புக்கு உள்ளாயின. மாநில எல்லை இவ்வூர்களைப் பிரித்தாலும் தொழிலும் உறவும் பிரிக்கவில்லை. 1956 வரை இவையனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தவையே. கேரளத்தில் மட்டும் இறந்தோரும் காணாமற்போனோரும் 140க்கும் மேற்பட்டவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து இழப்பும் இதற்குக் குறைந்ததன்று.

உயிர் தப்பியவர்களுள் சிலர் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு நீரில் மிதந்தவர்கள். தோழர்கள் கைநழுவிப் போவதைக் கண்டவர்கள். சிலரது படகுகள் இலட்சத்தீவுகளிலும் தொலைவிலுள்ள மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலும் கரை சேர்ந்தன. இத்தகைய அனுபவத்திற்குப் பின் கரையேறிய ஒருவர் தம் வருங்காலத்தைப் பற்றி எடுக்கும் முடிவுக்கும், கடலுக்குச் செல்வதற்கு முந்தைய வாரத்தில் அதே மனிதர் எடுத்திருக்கக்கூடிய முடிவுக்கும் வேறுபாடு இருப்பது இயல்பு. அவ்வேறுபாட்டின் தன்மை எது என்பதே நாம் காண வேண்டியது.

பயன்பாட்டுக் கொள்கையும் மனக்கணிப்பும்

பொருளாதாரம் பயின்றோர் பயன்பாடு என்னும் சொல்லை நன்கறிவர். பெந்தாம் அச்சொல்லால் இன்பத்தையும் துன்பத்தையும் குறித்தார். பிற்காலப் பொருளாதார அறிஞர்கள் அதனை மனிதரின் தெரிவுகளிலிருந்து உய்த்தறியும் ஒன்றாகக் கொண்டனர். ஒருவர் ஒன்றைத் தெரிவு செய்கிறார் எனில், அது தமக்கு நிறைவளிக்கும் என்பதை அவர் அறிந்தே செய்கிறார் என்பது இக்கொள்கையின் அடிப்படை. 2002ஆம் ஆண்டு பொருளாதாரத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட உளவியலாளர் டேனியல் கானமன் இவ்வடிப்படையைக் கேள்விக்கு உட்படுத்தினார். தெரிவு செய்யும்போது நாம் எதிர்பார்க்கும் நிறைவு வேறு, பின்னர் உண்மையில் துய்க்கும் நிறைவு வேறு. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று அவர் காட்டினார்.

எதிர்கால உணர்வைக் கணிக்கும் இத்திறனை உணர்வு முன்கணிப்பு எனலாம். அமெரிக்க உளவியலாளர்கள் டேனியல் கில்பர்ட், திமத்தி வில்சன் ஆகியோர் இத்துறையில் விரிவாக ஆய்வு செய்துள்ளனர். 1998இல் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எளிதில் விளங்கக்கூடியது. பல்கலைக்கழக ஆசிரியர்களிடம், பணி நிரந்தரம் கிடைக்காவிடில் எவ்வளவு காலம் எவ்வளவு வருந்துவீர்கள் என்று கேட்கப்பட்டது. நெடுங்காலம் வருந்துவோம் என்றே அவர்கள் கணித்தனர். ஆனால் உண்மையில் பணி மறுக்கப்பட்டோரின் நிலை அவ்வளவு மோசமாக இல்லை. இழப்புக்குக் காரணம் காணுதல், வேறு வழி தேடுதல், பிறர் துணையால் ஆறுதல் பெறுதல் என மனத்திற்குத் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. கணிக்கும் வேளையில் அவ்வாற்றலை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு பிழையும் உண்டு. பசியோடு கடைக்குச் செல்பவர் தேவைக்கு மேல் வாங்குவார். வயிறு நிறைந்தவர் குறைத்து வாங்குவார். இன்றைய நிலையே நாளையும் நீடிக்கும் என்று கருதும் இம்மனப்போக்கைப் பொருளாதார வல்லுநர் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் அவருடைய இணை ஆய்வாளர்களும் 2003இல் விரிவாக விளக்கினர். ஆக, உடல்நலமும் மனநலமும் உள்ளவர்களே தம் நாளைய மனநிலையைப் பிழையாகக் கணிக்கின்றனர். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களின் நிலையை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல்

உயிருக்கு ஆபத்தான நிகழ்ச்சிக்கு உள்ளானவர்களிடமும் அதனை நேரில் கண்டவர்களிடமும் பின்னர் தோன்றும் ஒரு தனி நோய்நிலையைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் என்று குறிப்பிடுகின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் நோய்ப் பகுப்பில் இது 1980இல் முதன்முதலாகத் தனிப் பெயருடன் இடம்பெற்றது. நடந்தது மீண்டும் நடப்பது போன்ற நினைவுகளும் கனவுகளும், அதனை நினைவூட்டும் இடங்களையும் பொருள்களையும் தவிர்த்தல், எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்திருத்தல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். பலரிடம் அன்பு, மகிழ்ச்சி முதலிய உணர்வுகள் மரத்துப்போன நிலையும் காணப்படுகிறது.

அதிர்ச்சிக்கு ஆளான அனைவரும் இந்நோய்க்கு ஆளாவதில்லை என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலக மக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு பேரதிர்ச்சி நிகழ்ச்சியைச் சந்திக்கின்றனர், அவர்களுள் 5.6 சதவீதத்தினரே இந்நோயைப் பெறுகின்றனர். நோயுற்றவர்களிலும் 40 சதவீதம் வரை ஓராண்டிற்குள் குணமடைகின்றனர். முதல் சில வாரங்களில் தோன்றும் தூக்கமின்மையும் அச்சமும் அழுகையும் பெரும்பாலோரிடம் தாமாகவே தணிகின்றன. எனவே பேரிடர்ப் பகுதியிலுள்ள ஒவ்வொருவரையும் நோயாளியாகக் கருதுவது தவறு. அதே வேளையில், தணியாத உளைச்சலை "காலம் ஆற்றிவிடும்" என்று சொல்லி ஒதுக்குவதும் தவறாகும்.

கணிப்பு மாறும் விதம்

இந்நோய் உணர்வு முன்கணிப்பை நான்கு வழிகளில் பாதிக்கிறது எனலாம்.

முதலாவது, எதிர்காலத்தைக் கற்பனை செய்ய உதவும் மூலப்பொருள் குன்றுகிறது. நாளை நடக்கவிருக்கும் ஒன்றை மனத்தில் காண்பதற்கு, நேற்று நடந்தவற்றின் துணுக்குகளையே மனம் எடுத்து இணைக்கிறது. மகளின் திருமணத்தை எண்ணிப் பார்ப்பவர், தாம் முன்பு கண்ட திருமணங்களின் பந்தலையும் விருந்தையும் உறவினர் முகங்களையும் கொண்டே அதனைக் கட்டுகிறார். நினைவும் எதிர்நோக்கும் இவ்வாறு ஒரே ஆற்றலின் இரு முகங்கள் என்பது டேனியல் ஷாக்டர், டோனா ரோஸ் ஆடிஸ் ஆகியோர் 2007இல் முன்வைத்த கருத்து. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களின் நினைவு பெரும்பாலும் விவரமற்றதாகிவிடுகிறது. "அந்தக் காலத்தில் நன்றாயிருந்தோம்" என்பார்களே தவிர, ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்துச் சொல்ல இயலாது. இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் நடத்தி 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இந்நோயுற்றவர்களின் கடந்தகால நினைவுகளும் எதிர்காலக் கற்பனைகளும் ஒருங்கே விவரம் குன்றியிருந்தன. இனிய சொற்களைக் கொடுத்து எதிர்கால நிகழ்ச்சியைக் கற்பனை செய்யச் சொன்னபோது இக்குறை வெளிப்பட்டதை 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. விவரம் இல்லாத இன்பம் மனத்தைத் தொடுவதில்லை. ஆகவே நாளை நன்மை வரக்கூடும் என்று அறிவு ஒப்புக்கொண்டாலும், அந்நன்மையின் சுவையை மனம் முன்கூட்டி உணர்வதில்லை.

இரண்டாவது, கடந்தகாலம் கடந்தகாலமாக நிற்பதில்லை. பொதுவாகத் துன்ப நினைவு நாளடைவில் மங்கும். இந்நோயிலோ அது இப்போதே நிகழ்வது போல் திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைய நிலையே நாளையும் நீடிக்கும் என்ற பொதுவான மனப்போக்குடன் இது சேரும்போது, அந்த ஒரு நாளே எல்லா நாளுமாகிவிடுகிறது. முந்தைய நோய்ப் பகுப்புகளில், "தமக்கு நீண்ட ஆயுளோ, குடும்பமோ, தொழிலோ அமையாது என்ற எண்ணம்" இந்நோயின் ஓர் அறிகுறியாகவே குறிக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது, உணர்வு மரத்திருக்கும் ஒருவர் தம் நாளைய மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிடுகிறார். மனச்சோர்வும் பதற்றமும் உடையோர் தம் நாளைய உணர்வுகளை உண்மையில் நிகழ்வதைவிட மோசமாகக் கணிக்கின்றனர் என்பதை 2012இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டுகிறது. பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களில் பலருக்கு மனச்சோர்வும் உடனிருப்பதால், இம்முடிவு அவர்களைப் பொறுத்தும் கருதத்தக்கது.

நான்காவது, கணிப்பைச் சரிபார்க்கும் வாய்ப்பே அற்றுப்போகிறது. நடைமுறையில் மிகுந்த முக்கியத்துவம் வாய்ந்தது இதுவே. இதற்கு வானிலைக் கணிப்பு நல்ல ஒப்புமையாகும். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இல், வானாய்வுக்கூடம் நிறுவப்பட்டது. ஒக்கிக்குப் பின், 2018இல், இந்திய வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை மையம் இந்நகரில் ஏற்படுத்தப்பட்டது. வானிலைக் கணிப்பு நாளுக்கு நாள் திருந்தி வருவதற்குக் காரணம், நேற்றைய கணிப்பு இன்றைய நிகழ்வுடன் இடைவிடாது ஒப்பிடப்படுவதேயாகும். பேரதிர்ச்சிக்கு ஆளானவர் அத்தகைய ஒப்பீட்டைச் செய்வதில்லை. "கரைக்குப் போனால் தாங்கமாட்டேன்" என்று கணிக்கிறார். ஆகவே கரைக்குப் போவதில்லை. போகாததால், தாங்க முடியுமா என்பது தெரிவதில்லை. தவிர்க்குந்தோறும் உடனடி ஆறுதல் கிடைக்கிறது. அவ்வாறுதலே கணிப்பு சரி என்பதற்குச் சான்றாகத் தோன்றுகிறது. பொய்யாகும் வாய்ப்பையே பெறாத கணிப்பு ஒருபோதும் திருந்துவதில்லை.

கணிப்பனைத்தும் பொய்யல்ல

இதனைக் கொண்டு, பாதிக்கப்பட்டோர் கூறுவதெல்லாம் பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கடல் உண்மையிலேயே ஆபத்தானது. கரையை அலை அரித்துவரும் ஊரில், "வீடு நிலைக்காது" என்று ஒருவர் அஞ்சினால் அது நோயன்று; அனுபவ அறிவு. மேலும், நலமுள்ளவர்கள் தம் துன்பம் நீடிக்கும் என்று மிகைப்படுத்திக் கணிக்கும் இடத்தில், சிகிச்சை பெறாத நோயாளியின் கணிப்பு சில வேளைகளில் உண்மைக்கு நெருங்கியதாகவே அமையும்; ஏனெனில் அவரது துன்பம் உண்மையிலேயே நீடிக்கிறது. "நீங்கள் நினைப்பதுபோல் இராது, எல்லாம் சரியாகிவிடும்" என்று அலுவலர் ஒருவர் எளிதாகச் சொல்லிவிட்டால், அதுவும் ஆதாரமற்ற ஒரு முன்கணிப்பே.

ஆகவே இவ்வறிவின் பயன், மக்களின் குரலை மறுப்பதற்குரிய காரணமாக அதனைக் கொள்வதில் இல்லை. அதிர்ச்சியின் உச்சத்தில் சொல்லப்பட்ட ஒரு சொல்லைக் கொண்டு வாழ்நாள் முழுவதற்குமான முடிவைப் பதிவு செய்துவிடாமல் காப்பதிலேயே அதன் பயன் உள்ளது.

ஒக்கிக்குப் பின் ஒன்பது மாதங்கள்கூட முடியாத நிலையில், 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்திற்கு உள்ளாயிற்று. அப்போது திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் முதலிய பகுதிகளுக்கு விரைந்து, வெள்ளத்தில் சிக்கியோரை மீட்டனர். இழப்பின் வடு ஆறாத கரையிலிருந்து இவ்வளவு துணிவும் பரிவும் வெளிப்படும் என்று 2017 டிசம்பரில் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுள் துயரம் தீராதவர்களும் இருந்திருக்கக்கூடும். துயரம் தீராமலேயே மனிதர் பொருளுள்ள செயலில் ஈடுபட இயலும் என்பதையும், அவ்வீடுபாடு எத்தகையது என்பதை முன்கூட்டி அளவிட இயலாது என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

திட்டங்களில் எழும் வினாக்கள்

மறுவாழ்வுத் திட்டங்கள் மூன்று இடங்களில் மக்களின் மனக்கணிப்பைச் சார்ந்து நிற்கின்றன.

ஒன்று, பண உதவி. ஒக்கியில் இறந்தோர் குடும்பங்களுக்குக் கேரள அரசு 20 லட்சம் ரூபாய் உதவி அறிவித்தது. பெருந்தொகை ஒன்றை ஒரே தவணையில் கையில் கொடுப்பதா, வைப்பாக இட்டு மாதந்தோறும் வருவாய் கிடைக்கச் செய்வதா என்பது இத்தகைய உதவிகளில் எப்போதும் எழும் வினா. எதிர்காலமே இல்லை என்று தோன்றும் மனநிலையில், நாளைக்கெனச் சேமிப்பது பொருளற்றதாகப்படும். அந்நிலையில் கடன் கொடுத்தவரின் வற்புறுத்தலும் உறவினரின் ஆலோசனையும் முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன. ஒரு பகுதியை உடனடித் தேவைக்கும், எஞ்சியதைச் சிறிது காலத்திற்குப் பின் உரியவரே முடிவு செய்வதற்கும் ஒதுக்குவது சிறந்த இடைவழியாகும்.

இரண்டு, குடியிருப்பு. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவக் குடும்பங்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றுவதற்காகக் கேரள அரசு புனர்கேஹம் என்னும் திட்டத்தை வகுத்து, குடும்பம் ஒன்றுக்கு நிலத்திற்கும் வீட்டிற்குமாக 10 லட்சம் ரூபாய் வழங்க முன்வந்தது. 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவுக்குப் பின், கல்பெற்றாவில் அமையும் புதுக் குடியிருப்பில் வீடு, அல்லது வீட்டிற்குப் பதிலாக 15 லட்சம் ரூபாய் என்ற தெரிவு பாதிக்கப்பட்டோர் முன் வைக்கப்பட்டது. இத்தெரிவுகள் எளியவை அல்ல. பழைய இடத்தைக் காண இயலாது என்று இன்று கருதுபவர், நாளை அங்கிருந்த அண்டை அயலாரின் துணையின்றித் தவிக்கக்கூடும். உறவினரோடு ஒரே தெருவில் வாழ்வதே பலருக்கு மருந்தாக அமைகிறது. ஆனால் மரத்துப்போன மனத்திற்கு, முடிவெடுக்கும் நாளில், அதன் மதிப்புத் தெரிவதில்லை.

மூன்று, காணாமற்போனோர். ஏழாண்டுகளாக ஒருவரைப் பற்றி, இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்களுக்கும் செய்தி இல்லையெனில், அவர் உயிருடன் இருக்கிறார் என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்பது நம் சான்றுச் சட்டத்தின் நிலை. ஒக்கியில் காணாமற்போனோரின் குடும்பங்களை ஏழாண்டுகள் காத்திருக்க வைக்காமல் உதவி வழங்கியது மனிதநேயமுள்ள முடிவு. ஆயினும் உடல் கிடைக்காத இழப்பில் மனம் இரங்கவும் இயலாமல் நம்பவும் இயலாமல் இடையில் நிற்கிறது. இத்தகைய இழப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ், இதனைத் தெளிவற்ற இழப்பு என்று குறிப்பிட்டார். கணவர் திரும்பி வருவார் என்று காத்திருக்கும் பெண்ணிடம் உதவித்தொகைக்கான தாளில் கையொப்பம் பெறுவதும், அவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை அலுவலர் உணர்ந்திருத்தல் வேண்டும். முதலாவது நிர்வாகத் தேவை. இரண்டாவது அவரது மனம் தன் காலத்தில் அடைய வேண்டிய முடிவு.

சிகிச்சை என்பது கணிப்பைத் திருத்துவதே

இந்நோய்க்குப் பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவுடன் இணைந்த ஒருவகை உளச் சிகிச்சையும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. நிகழ்ச்சி நடந்த உடனேயே அனைவரையும் அமரவைத்து நடந்ததை விவரிக்கச் செய்யும் பழைய முறையையும், முதல் மாதத்தில் அமைதியூட்டும் மாத்திரைகளைப் பொதுவாக வழங்குவதையும் அந்நெறிகள் ஏற்கவில்லை. முகாம்களில் பணியாற்றுவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இச்சிகிச்சைகளின் உட்கருத்து நமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. தாம் தவிர்க்கும் ஒன்றைச் செய்வதற்கு முன், "என்ன நடக்கும், எவ்வளவு துன்பமாயிருக்கும்" என்று நோயுற்றவரே கணித்துக் குறித்துக்கொள்கிறார். பின்னர் சிகிச்சையாளரின் துணையுடன் படிப்படியாக அதனைச் செய்து பார்க்கிறார். முதலில் தெருமுனை வரை, பிறகு கரை வரை, பிறகு நண்பரோடு வள்ளத்தின் அருகே. ஒவ்வொரு முறையும் கணிப்பும் அனுபவமும் ஒப்பிடப்படுகின்றன. மனச்சோர்வுக்கான சிகிச்சையிலும் இவ்வாறே, ஒரு சிறு வேலை எவ்வளவு மகிழ்ச்சி தரும் என்று முன்னே குறித்து, செய்தபின் கிடைத்ததைப் பின்னே குறிக்கும் முறை உண்டு. எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் அந்தச் சிறு மகிழ்ச்சி, அறிவுரை எதுவும் செய்ய இயலாததைச் செய்கிறது. தன் கணிப்பு தவறக்கூடும் என்பதை மனம் தானே கண்டறிகிறது.

இங்கு ஒரு முரணும் உள்ளது. "சிகிச்சையால் எனக்கு ஒன்றும் ஆகாது" என்பதும் இந்நோய் தரும் கணிப்புகளுள் ஒன்றே. உதவி தேவைப்படுவோர் தாமாக மருத்துவமனைக்கு வருவர் என்று காத்திருப்பது ஆகவே போதாது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனம், கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாமலேயே இருப்பதைக் காட்டிற்று. திருவனந்தபுரம் ஊளம்பாறையில் மனநல மருத்துவமனை இயங்கிவருகிறது. மருத்துவக் கல்லூரியும் உண்டு. இருந்தும் கடற்கரையிலிருந்து அவ்வாயில் வரையுள்ள சில கிலோமீட்டர் தொலைவு, மனத்தளவில் நெடுந்தொலைவாகிவிடுகிறது. ஆஷா பணியாளர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், பங்குத் தந்தை ஆகியோர் வீட்டு வாயிலிலேயே இத்தொலைவைக் குறைக்க வல்லவர்கள். 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

நிர்வாகம் செய்யக்கூடியவை

பேரிடர்களில் மனநலப் பணி குறித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. மனநலப் பணி என்பது மருத்துவரின் தனிப் பொறுப்பன்று. வருவாய்த் துறை, மீன்வளத் துறை, கல்வித் துறை ஆகியவற்றின் ஒவ்வொரு படிவத்திலும் அது அடங்கியுள்ளது. இவ்வகையில் சில நெறிகளைக் கூறலாம்.

மாற்ற முடியாத முடிவுகளை முதல் மாதங்களில் கேட்காதிருத்தல் நலம். உணவு, உறைவிடம், மருத்துவம், பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு ஆகியவை காத்திருக்க இயலாதவை. வள்ளத்தையும் எஞ்சினையும் விற்பது, வலை உரிமையைக் கைவிடுவது, ஊரை விட்டு நீங்குவது ஆகியவை காத்திருக்கக்கூடியவை. முடிவு கேட்டே ஆகவேண்டுமெனில், அதனை மாற்றிக்கொள்ள ஒரு காலவரம்பைப் படிவத்திலேயே குறிப்பிட வேண்டும். வாய்ச்சொல்லாக விவரிப்பதற்குப் பதில், புதிய இடத்தை நேரில் சென்று காணவும், இயலுமாயின் சில நாட்கள் தங்கிப் பார்க்கவும் வழிசெய்ய வேண்டும்; விவரம் குன்றிய மனத்திற்குக் கண்ணால் கண்ட காட்சியே விவரத்தைத் தரும். முந்தைய பேரிடரிலிருந்து மீண்டவர்களைக் கொண்டு பேசச் செய்வதும் நன்று. தம் மனத்தைத் தாமே கணிப்பதைவிட, அதே அனுபவத்தை முன்பே பெற்ற ஒருவரின் சொல்லைக் கேட்டுக் கணிப்பது பெரும்பாலும் சரியாக அமைகிறது என்பதை கில்பர்ட் முதலியோர் 2009இல் ஆய்வின் வாயிலாகக் காட்டியுள்ளனர். இறுதியாக, ஆறு மாதம், ஓராண்டு கழித்து அலுவலர் மீண்டும் சென்று அதே வினாவைக் கேட்க வேண்டும். முதல் விடைக்கும் பின்விடைக்கும் உள்ள வேறுபாடு, திட்டம் வகுப்போருக்குப் பெறற்கரிய தகவலாகும்.

மாற்றிக்கொள்ளும் உரிமை என்பது நம் சட்டத்திற்குப் புதியதன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தாம் நோயுறும் காலத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை வயதுவந்த ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. அவ்வாறு எழுதியதைப் பின்னர் திருத்தவும் நீக்கவும் அச்சட்டமே இடமளிக்கிறது. நாளைய தன்னைப் பற்றி இன்று பேச மனிதனுக்கு உரிமை உண்டு. அப்பேச்சை நாளை மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு. மருத்துவமனைக்குள் ஏற்றுக்கொள்ளப்பட்ட இக்கொள்கையை மறுவாழ்வு முகாமுக்கும் விரிவுபடுத்துவதில் தடையேதும் இருக்க முடியாது.

வளர்ச்சித் திட்டங்கள் யாவும் எதிர்காலத்தின் மீதுள்ள நம்பிக்கையின் வெளிப்பாடுகளே. பேரதிர்ச்சி முதலில் பறிப்பது அந்நம்பிக்கையைத்தான். பறிகொடுத்தவரிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்கும்போது, கிடைக்கும் விடையை மதித்துக் குறித்துக்கொள்வதோடு, அதனை மறுமுறையும் கேட்பதற்கான இடத்தைக் கோப்பில் விட்டுவைப்பது நிர்வாகத்தின் கடமையாகும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. படிவத்தில் ஒரு வரியும், ஓராண்டு கழித்து ஒரு பயணமுமே தேவை. பாதிக்கப்பட்ட குடும்பம் தன் வள்ளத்தையும் வீட்டையும் பிள்ளையின் படிப்பையும் இழக்காமல் காக்க அவை துணைபுரியும்.